1967 சீனியர் டிடி: அறுந்த செயினா பட்டத்தைத் தீர்மானித்தது?

கேள்வி:
1967ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் 500 சிசி உலகச் சாம்பியன் போட்டியில் மைக் ஹேல்வுட், ஜியாகோமோ அகோஸ்தினி இருவருமே ஐந்து வெற்றிகள், 46 புள்ளிகள் என்று சமநிலையில் முடித்தும் பட்டம் அகோஸ்தினிக்குச் சென்றது. மேன் தீவின் சீனியர் டிடியில் (டூரிஸ்ட் டிராஃபியின் 500 சிசி பந்தயம்) அகோஸ்தினியின் செயின் அறுந்திராவிட்டால் இந்தச் சமநிலையே வந்திருக்காது என்பது சரியா? ஒருவர் நடுவழியில் விலகிய பந்தயத்தை இன்றும் பலர் தலைசிறந்தது என்று போற்றுவது ஏன்?

மறுமொழி 1:
இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வீரர்கள் இடைவெளி விட்டுப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும் பந்தயம் அது; சுற்று ஒன்றுக்கு 37.73 மைல், மொத்தம் ஆறு சுற்றுகள். எம்வி அகஸ்டாவின் மூன்று சிலிண்டர் பைக்கில் வந்த அகோஸ்தினி முதல் சுற்றிலேயே ஏறக்குறைய 12 வினாடி முந்தினார். ஹேல்வுட்டின் நான்கு சிலிண்டர் ஹோண்டாவுக்கு ஆற்றல் மிகுதி, ஆனால் சட்டகம் அந்த ஆற்றலுக்கு ஈடுகொடுக்காமல் வளைவுகளில் நெளிந்தது. அப்படிப்பட்ட வண்டியில்தான் அவர் இரண்டாம் சுற்றை மணிக்கு 108.77 மைல் வேகத்தில் முடித்தார். அந்தச் சாதனை 1975 வரை முறியடிக்கப்படவில்லை. ஆக்சிலரேட்டர் பிடி கழன்றுகொண்டிருந்ததால், எரிபொருள் நிரப்பும் பிட்டில் நின்றபோது சுத்தியலால் அதைத் தட்டிப் பொருத்திவிட்டு மீண்டும் புறப்பட்டார். ஐந்தாம் சுற்றில் இடைவெளி ஓரிரு வினாடிகளாகக் குறுகியிருந்த வேளையில், மலையிலிருந்து இறங்கும் வழியிலுள்ள விண்டி கார்னரில் அகோஸ்தினியின் செயின் அறுந்தது. அதுவரை இருவரும் காட்டிய வேகத்துக்காகவே அந்தப் பந்தயம் போற்றப்படுகிறது.

மறுமொழி 2:
முதல் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். வெற்றிக்கு 8 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 6. பத்துப் பந்தயங்களில் சிறந்த ஆறு முடிவுகள் மட்டுமே சேர்க்கப்பட்டன. ஐந்து வெற்றியும் ஓர் இரண்டாமிடமும் சேர்ந்ததே அந்த 46. ஆகவே மேன் தீவில் அகோஸ்தினி ஹேல்வுட்டுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்திருந்தாலும் அவருடைய புள்ளி கூடியிருக்காது. அங்கே வென்றிருந்தால் மட்டுமே சமநிலை குலைந்து, 48 புள்ளிகளுடன் தெளிவாக முன்னேறியிருப்பார். பட்டத்தைத் திருப்பியது இத்தாலியின் மோன்சா பந்தயம் என்பதே என் கருத்து. அங்கே கடைசிச் சுற்றுகள் வரை முன்னணியில் இருந்த ஹேல்வுட், கியர்பாக்ஸ் கோளாறால் இரண்டாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். அதை வென்றிருந்தால் ஆறு வெற்றி, 48 புள்ளி, பட்டம் மூன்றும் அவருடையவை. முடிவில், சமநிலையை முறிக்க இரண்டாமிடங்கள் எண்ணப்பட்டபோது, மூன்று இரண்டாமிடங்கள் பெற்ற அகோஸ்தினி, இரண்டு மட்டுமே பெற்ற ஹேல்வுட்டை முந்தினார்.

மறுமொழி 3:
கணக்கை ஏற்கிறேன், ஆனால் ஹேல்வுட்டை ஒரே கியர்பாக்ஸ் தோற்கடித்ததாக எண்ணிவிடக் கூடாது. அவர் அதே ஆண்டில் 250, 350 சிசி பட்டங்களையும் வென்றவர். மேன் தீவிலேயே ஒரே வாரத்தில் மூன்று பிரிவுகளிலும் வெற்றி பெற்றவர். ஐநூறில் மட்டும் அவருக்குக் குறைவாக அமைந்தது சட்டகம், அதைச் சரிசெய்யவும் வாய்ப்பு வரவில்லை: 1968 பருவம் தொடங்கும் முன்பே ஹோண்டா கிராண்ட் பிரீ பந்தயங்களிலிருந்து விலகிவிட்டது.