கேட்டவர்களுக்கெல்லாம் வரைகிறேன், நான் வரைய விரும்பியது நின்றுபோய்விட்டது

பாப்பாரப்பட்டி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பாப்பாரப்பட்டிக்கு அருகில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். ஓவியத்தை முறையாகக் கற்றதில்லை. மைப்பேனாவால் கோட்டோவியம் வரைவதில் சிறு வயது முதல் ஈடுபாடு உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், பள்ளியிலிருந்து திரும்பும் வழியில், கேழ்வரகுக் கொல்லையின் வரப்போரம் நின்றிருந்த ஒரு நடுகல்லை, இறந்த வீரனின் நினைவாக நட்ட பழங்கல்லைப் பார்த்தேன். ஊரார் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் படிந்து வெறும் பலகைக் கல்லாகத் தெரிந்த அதன்மீது, மாலை ஐந்து மணி வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தபோது, வில்லைப் பிடித்த இடக்கையும், வாளை ஓங்கிய வலக்கையும், உடலில் தைத்த அம்புகளும், காலருகே மூக்குள்ள கலமான ஒரு சிறு கெண்டியும் ஒவ்வொன்றாகத் துலங்கி வந்தன. மறுநாள் நண்பகலில் போய்ப் பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை. அன்றிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் கண்ணில் பட்ட நடுகற்களை வெயில் சாயும் வேளையில் போய் வரைந்து வந்தேன். மூன்று குறிப்பேடுகள் நிறைந்தன. யாரும் கேட்டு அவற்றை வரையவில்லை.

அந்தக் குறிப்பேட்டை ஒரு திருமண வீட்டில் உறவினர் சிலருக்குக் காட்டியதிலிருந்துதான் இந்தச் சிக்கல் தொடங்கியது. எங்கள் ஊர்க் கோயில் குடமுழுக்கு மலருக்குத் தல வரலாறும் இருபது படங்களும் வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டார்கள். நாத்தனார் மகளின் வளைகாப்புக்குத் தாம்பூலப் பையில் அச்சிட ஓவியம் கேட்டார்கள். உடன் பணிபுரிபவர்கள், தினமும் வரைவதைக் காணொளியாகப் போட்டால் உலகமே பார்க்கும் என்கிறார்கள். தெரிந்த பதிப்பாளர் ஒருவர், தருமபுரி புத்தகத் திருவிழாவுக்கு முன்பாக அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைக் குழந்தைகளுக்கான படநூலாக வரைந்து தரச் சொல்லியிருக்கிறார். அனைவருக்கும் சரி என்று சொல்லிவிட்டேன். இரவு ஒன்பது மணிக்குமேல் எனக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். எட்டு மாதங்களாக ஒரு நடுகல்லின் பக்கமும் போகவில்லை.

இவர்கள் யாரும் தவறான எதையும் கேட்கவில்லை. எல்லோரும் அன்போடு கேட்கிறார்கள். சிலவற்றை வரையும்போது எனக்கே கொஞ்சம் பிடிக்கவும் செய்கிறது. அதனால்தான் குழப்பம். ஒரு வேலையை நான் உண்மையிலேயே விரும்புகிறேனா, அல்லது மறுக்க முடியாமல் விரும்புவதாக நினைத்துக்கொள்கிறேனா என்பதை எப்படிப் பிரித்தறிவது? அறிந்த பிறகும், உறவுக்குள்ளும் ஊருக்குள்ளும் இருந்துகொண்டு எப்படி மறுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

காவேரிப்பட்டணத்து எழுத்தோவியர்:

சகோதரி, நான் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பெயர்ப்பலகை எழுதுபவன். பிளக்ஸ் வந்த பிறகு கணினியில் வடிவமைப்பும் செய்கிறேன். மாம்பழச் சீசனில் கூழ்த் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய விவரச் சீட்டுகள்தான் என் பிழைப்பின் பெரும்பகுதி. ஆகவே கேட்டதை வரைந்து கொடுப்பதைத் தாழ்வாக நினைப்பவன் நானில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் குழப்பத்தில் மூன்று ஆண்டுகள் கிடந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

என் தாய்மாமன் இறந்தபோது படத்திறப்புக்காக அவருடைய முகத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தேன். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். அதிலிருந்து யார் வீட்டில் துக்கம் நடந்தாலும் என்னைத் தேடி வந்துவிடுவார்கள். பறிகொடுத்த வீட்டாரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? பாராட்டும் கிடைத்தது, கொஞ்சம் பணமும் கிடைத்தது. இதுதான் எனக்கான கலை என்று நானே நம்பியிருந்தேன். ஒரு நாள், வரைந்து கொண்டிருந்த படம் ஒன்று பாதியில் இருக்கும்போது, புகைப்படத்தையே பெரிதாக்கிக் கொள்கிறோம், இனி வேண்டாம் என்று அந்த வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை விட்ட பிள்ளையைப் போல் என் மனம் குதித்தது. அந்த மகிழ்ச்சி எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. அதே மாதத்தில், நான் இருபது வயதில் கையால் எழுதிய ஒரு மாங்காய் மண்டியின் பலகையைக் கழற்றிவிட்டுப் பிளக்ஸ் மாட்டப்போவதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அதில் ஒரு ரூபாய் நட்டமில்லை. இருந்தும் வண்டியை எடுத்துக்கொண்டு போய், 'ழ'கரத்தின் வால் வெளுத்துப்போயிருந்த அந்தப் பலகையின் எதிரில் நெடுநேரம் நின்றேன். இழந்தால் நிம்மதி தருவது எது, இழந்தால் வலிப்பது எது என்பது அன்று எனக்குத் தெளிவானது. உங்கள் கையிலுள்ள நான்கு வேலைகளில் ஒவ்வொன்றும் நாளைக் காலை ரத்தானதாக நினைத்துப் பாருங்கள். நாம் சரி என்று சொல்லும்போது வாய் பொய் சொல்லக்கூடும். ரத்து என்று கேட்டவுடன் நெஞ்சில் எழும் முதல் உணர்வு அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது.

மறுப்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நம் பக்கத்தில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாததால் "பார்க்கலாம்" என்று சொல்லிவிடுகிறோம். கேட்டவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். நாம் மறுப்பாக நினைத்துக்கொண்டு இருந்துவிடுகிறோம். பிறகு வரும் மனத்தாங்கலுக்கு அந்தச் சொல்தான் காரணமாகிறது. நான் இப்போது அதைச் சொல்வதே இல்லை. கூலி இவ்வளவு, ஆடி முடிந்த பிறகுதான் கை ஒழியும் என்று இரண்டையும் அன்றே சொல்லிவிடுகிறேன். உண்மையில் வேண்டியவர்கள் காத்திருக்கிறார்கள். மற்றவர்கள் மனம் கோணாமல் வேறிடம் போகிறார்கள்.

ஊத்தங்கரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

காவேரிப்பட்டணத்து நண்பர் சொன்ன சோதனையை நானும் ஏற்கிறேன். ஆயினும் அதனால் ஒரு தவறான முடிவுக்கும் வந்துவிடக் கூடும் என்று அஞ்சுகிறேன். பிறர் கேட்டதால் தொடங்கியது எல்லாம் நம்முடையது ஆகாது என்று அம்மையார் எண்ணிவிடக் கூடாது.

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த இருபத்தைந்து வயது உ.வே.சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். (நம் தருமபுரி மாவட்டமும் 1965 வரை சேலத்தோடு இருந்ததுதான் என்பதால் அவரை நம்மவராக எண்ணிப் பெருமைப்படுவது எனக்கு வழக்கம்.) தாம் பாடம் கேட்ட அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் அவற்றால் மதிப்புக் கொண்டதாகத் தெரியவில்லை, சீவக சிந்தாமணி என்ற சமணக் காப்பியத்தைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அதைப் படித்திருக்கவில்லை. ஒருவகையில் பார்த்தால் அது வெளியிலிருந்து வந்த நெருக்கடிதான். செல்வாக்குள்ள ஒருவர் முன் தம் கல்வி போதாது என்று உணர நேர்ந்த நெருக்கடி. ஆனால் ஏட்டைக் கையில் எடுத்த பிறகு நடந்தது வேறு. பொருள் விளங்காத இடங்களைத் தேடிச் சமணர்களிடம் போய்க் கேட்டதும், பிரதி பிரதியாக ஒப்பிட்டதும் முதலியாரின் கட்டளைக்காக மட்டும் ஒருவர் செய்யக்கூடியவை அல்ல. 1887இல் அந்நூல் அச்சேறியது. அவருடைய வாழ்நாள் பணியும் அந்த வழியிலேயே அமைந்தது.

ஆகவே, யார் தொடங்கிவைத்தார் என்பதை நான் பெரிதாகக் கருதுவதில்லை. கேட்டவர் எழுந்து போன பிறகு, அந்த வேலையிலிருந்தே கேள்விகள் எழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அம்மையாரின் பதிவில் தாம்பூலப் பைக்கும் மலருக்கும் ஒவ்வொரு வரி கிடைத்திருக்கிறது. நடுகல்லின் காலருகே இருந்த கெண்டி வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விருப்பம் எங்கே இருக்கிறது என்பதை உங்கள் எழுத்தே காட்டிவிட்டது.

பதிப்பாளர் கேட்ட நூலைப் பற்றி மட்டும் சற்று நின்று யோசியுங்கள். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி என்றால் எல்லோருக்கும் நெல்லிக்கனிதான் நினைவுக்கு வருகிறது. அதே ஔவையார், அவன் இறந்த பிறகு அவனுடைய நடுகல்லின் முன் நின்று பாடிய பாடல் புறநானூற்றில் 232ஆவதாக இருக்கிறது. மலை சூழ்ந்த நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், கல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறிய கலத்தில் வார்க்கும் கள்ளையா ஏற்றுக்கொள்வான் என்று கேட்கிறார் ஔவையார். அந்தச் சிறு கலத்துக்கும் நீங்கள் வெயில் சாயும் வேளையில் கண்டு வரைந்த கெண்டிக்கும் நெடுந்தொலைவு இல்லை. நெல்லிக்கனிக் கதையை வரைவது உங்களுக்குச் சுமையாகவும், இந்தப் பாட்டை வரைவது உங்களுடையதாகவும் இருக்கக்கூடும். பிறர் கொண்டுவந்ததை முழுவதுமாக ஏற்பது, முழுவதுமாகத் தள்ளுவது என்ற இரண்டு வழிகள் மட்டுமே இருப்பதாக நினைக்க வேண்டாம்.

ஓசூர்த் தங்கை:

அக்கா, காணொளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் தொழிற்சாலைப் பணி முடிந்து வந்து கைத்தையல் பூவேலை செய்பவள். தினமும் ஒரு காணொளி போடத் தொடங்கிய இரண்டாவது மாதத்தில், எந்தப் பூவைத் தைக்க ஆசையாக இருக்கிறது என்று நினைப்பதே எனக்கு நின்றுவிட்டது. எந்தப் பூ ஒரு நிமிடத்துக்குள் முடியும் என்றுதான் கை தேடியது. நேரமெடுக்கும் வேலையை ஆறு மாதம் தொடவே இல்லை.

லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் பின்னர் படித்தேன். வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் நாடாவும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். சில நாள் கழித்து, பரிசு ஏதும் இல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்தபோது, அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களில் ஏறக்குறையப் பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கோ ஆசை குறையவில்லை. எனக்கு நடந்தது இதுவேதான் என்று அப்போது தோன்றியது. வரைந்து முடித்ததை எப்போதாவது நாலு பேருக்குக் காட்டுங்கள் அக்கா. காட்டுவதற்காக வரையத் தொடங்கிவிடாதீர்கள்.

பாப்பாரப்பட்டி ஆசிரியை:

ஐயா, அண்ணா, தங்கை மூவருக்கும் என் நன்றி. ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

அண்ணா சொன்னபடி ஒவ்வொரு வேலையும் ரத்தானதாக நினைத்துப் பார்த்தேன். காணொளியிலும் தாம்பூலப் பையிலும் நிம்மதி தவிர வேறொன்றும் தோன்றவில்லை. கோயில் மலரில் தல வரலாறு எழுதுவது நின்றால் மகிழ்ச்சியாகவும், கோபுரத்தை வரைவது நின்றால் சற்று வருத்தமாகவும் இருந்தது. ஆகவே பெரியவர்களிடம் போய், கோபுரப் படம் ஒன்றை மட்டும் தை மாதத்துக்குள் தருகிறேன், வரலாற்றை எழுத எனக்கு இயலாது என்று நின்ற நிலையிலேயே சொன்னேன். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நேரவில்லை. பல ஆண்டுகளாக அந்தக் கோயில் செய்திகளைத் திரட்டி வைத்திருந்த ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் அதை ஆசையோடு ஏற்றுக்கொண்டார். என்னைக் கேட்டிருந்ததால் அவர் இத்தனை நாளாக வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

நாத்தனாருக்கு மனத்தாங்கல்தான். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதை நான் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பதிப்பாளரிடம் ஐயா சொன்ன பாடலை வைத்து நூல் செய்யலாமா என்று கேட்டேன். இறந்தவனின் கல்லைப் பற்றிய படநூலைப் பெற்றோர் வாங்க மாட்டார்கள், நெல்லிக்கனி என்றால் மட்டும் அச்சிடலாம் என்று சொல்லிவிட்டார். அந்த வாய்ப்பு கைவிட்டுப் போனதில் ஒரு நாள் முழுக்க வருத்தமாக இருந்தது. ஆனால் வருத்தம் நூல் அச்சேறாததற்கே என்பதும், நெல்லிக்கனியை வரைய முடியாததற்கு இல்லை என்பதும் மறுநாள் விளங்கியது. ஐயா சொன்ன பாடலை ஒரு தாளில் எழுதி, மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

சென்ற ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, முதன்முதலில் பார்த்த அந்தக் கல்லிடமே போனேன். கெண்டியை மட்டும் வரைந்தேன். கொல்லைக்காரப் பெரியவர் வந்து, ஆறு வருடமாக இதே கல்லைத்தான் வரைகிறாயே, இன்னும் முடியவில்லையா அம்மா என்று கேட்டார். கெண்டியின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து, வேடியப்பனைக் கும்பிட்டுவிட்டு, கல்லின் கீழ்ப்பகுதியில் மெல்ல ஊற்றினார். கல் கறுத்தது. குழிந்த இடங்களில் தண்ணீர் தங்கி மினுங்க, கெண்டியின் மூக்கு வீரனின் காலை நோக்கித் திரும்பியிருப்பது தெரிந்தது. ஆறு வருடமாக நான் அதை மறுபக்கம் திருப்பி வரைந்திருக்கிறேன்.