எரித்ரோபொயட்டினைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கூடல்வாசி:
மதுரையில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்காக நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். மற்ற சொற்கள் ஓரளவு வசப்பட்டுவிட்டன. எரித்ரோபொயட்டின் மட்டும் இடறுகிறது. மருந்துச் சீட்டில் ‘எரித்ரோபொயட்டின் 4000 யூனிட், வாரம் இருமுறை, தோலுக்கடியில்’ என்றிருப்பதை, எனக்குக் கிடைத்த பழைய துண்டறிக்கை ஒன்று ‘இரத்த ஊக்க மருந்து’ என்றும், மற்றொன்று ‘குருதியாக்கி’ என்றும் பெயர்த்திருக்கின்றன. இச்சொல் உடலில் சுரக்கும் ஹார்மோனைக் குறிக்கிறதா, ஊசி மருந்தைக் குறிக்கிறதா? இவ்விரு பெயர்களில் எது பொருந்தும்?

செஞ்சுடர் (சிறுநீரக மருத்துவர்):
ஹார்மோன், ஊசி இரண்டுக்கும் அதுவே பெயர். பெரும்பாலும் சிறுநீரகத்தில் சுரக்கும் புரதத்தையே, ஆய்வகத்தில் வளர்க்கும் விலங்கு உயிரணுக்களில் உருவாக்கி ஊசியாகத் தருகிறோம். ஆய்வக அறிக்கையில் ‘சீரம் எரித்ரோபொயட்டின்’ என்று வந்தால் அது இரத்தத்தில் உள்ள ஹார்மோனின் அளவு; மருந்துச் சீட்டில் வந்தால் ஊசி.

கிரேக்கத்தில் ‘எரித்ரோஸ்’ என்றால் சிவப்பு, ‘பொயெயின்’ என்றால் ஆக்குதல். இச்சொல்லில் இரத்தம் என்ற பகுதியே இல்லை. இந்த ஹார்மோன் பெருக்குவது இரத்தத்தின் சிவப்பணுக்களைத்தான். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைப் பெருக்குவது முக்கியமாகக் கல்லீரலில் சுரக்கும் த்ராம்போபொயட்டின் என்னும் வேறு ஹார்மோன். வெள்ளணுக்களுக்கும் தனித் தூண்டிகள் உண்டு. ஆகவே ‘குருதியாக்கி’ அளவுக்கு மீறிய பெயர்.

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் வந்ததன்று. 1906-இல் கார்னோ, தெஃப்லாந்திர் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர்கள், இரத்தம் இழந்த முயலின் சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை) வேறு முயலுக்குச் செலுத்தியபோது சிவப்பணுக்கள் பெருகியதாக அறிவித்து, காரணப் பொருளுக்கு ‘ஹீமோபொயட்டின்’, அதாவது குருதியாக்கி என்றே பெயரிட்டார்கள். 1948-இல் பின்லாந்தின் போன்ஸ்டோர்ஃப், யாலவிஸ்தோ இருவரும்தான் ‘எரித்ரோ’ என்று திருத்தினார்கள். பெயர் அமைந்த பிறகும் அந்தப் பொருள் கைக்கு எட்டவில்லை: ஜப்பானின் குமமோட்டோவில் கடும் இரத்தசோகை நோயாளிகளிடம் மியாகே என்னும் ஆய்வாளர் சேகரித்த 2550 லிட்டர் சிறுநீரைக் கொண்டு, சிகாகோவில் கோல்ட்வாசர் குழுவினர் 1977-இல் தூய்மையாகப் பிரித்தெடுத்தது சில மில்லிகிராம் மட்டுமே.

‘ஊக்க மருந்து’ அதைவிடப் பெரிய இடைஞ்சல். செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் அது விளையாட்டுப் பக்கத்துச் சொல். 1998 டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் போட்டியில் பிடிபட்டதும் இதே எரித்ரோபொயட்டின்தான் என்பதால், நோயாளி அதைத் தடை செய்யப்பட்ட பொருள் என்று அஞ்சக்கூடும்.

வெண்தாமரை (ஓய்வுபெற்ற செவிலியர்):
நோயாளிகளிடம் வழங்கும் பெயர் ‘ரத்த ஊசி’. அதனால் நேர்ந்த சங்கடங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஓர் அம்மாள் ஊசிக் குழலை உற்றுப் பார்த்துவிட்டு, “இது எந்த குரூப் ரத்தம்? ஏன் வெள்ளையாக இருக்கிறது?” என்று கேட்டார். மற்றொரு பெரியவர், ரத்த ஊசிதான் போட்டாயிற்றே, இரும்புச் சத்து ஊசி வேறு எதற்கு என்று பிடிவாதமாக மறுத்துவிட்டதால், இரண்டு மாதமாகியும் அவருடைய ஹீமோகுளோபின் 8-ஐ விட்டு நகரவில்லை. இந்த ஹார்மோன் கொத்தனார் என்றால் இரும்புதான் செங்கல். செங்கல் இல்லாமல் கொத்தனாரை மட்டும் வரவழைத்துப் பயனில்லை என்று சொன்ன பிறகே இசைந்தார்.

பெயர் எதுவாயினும், மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்ப்பெட்டியின் கீழ்த் தட்டில் வைக்க வேண்டும், உறைய விடக் கூடாது, குலுக்கக் கூடாது என்பதையும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். ‘குலுக்கிப் பயன்படுத்தவும்’ என்று இருமல் மருந்துப் புட்டியில் படித்துப் பழகியவர்கள் நாம்.

வடமராட்சியான்:
இலங்கையில் நாங்கள் சிவப்பணுவைச் செங்குழியம் என்றும், எலும்பு மஜ்ஜையை என்பு மச்சை என்றும் கூறுவோம். அந்த வழியில் ‘செங்குழிய ஆக்கி’ எனலாம். மதுரை வாசகருக்கு அது அந்நியமாகத் தோன்றும் என்பதையும் அறிவேன். மருத்துவரிடம் ஒரு கேள்வி: இந்த ஓமோன் உண்மையிலேயே செங்குழியங்களை ஆக்குகிறதா?

செஞ்சுடர்:
நல்ல கேள்வி. தானாக எதையும் ஆக்குவதில்லை. மஜ்ஜையில் சிவப்பணுக்களாக மாற வேண்டிய இளம் அணுக்கள், இந்த ஹார்மோன் இல்லாவிட்டால் முதிர்வதற்குள் மடிந்துபோகும். அவற்றைச் சாகாமல் காத்துப் பெருகச் செய்வதே இதன் பணி. திசுக்களுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காதபோது சிறுநீரகம் அதை உணர்ந்து கூடுதலாகச் சுரக்கிறது. உயிரணுக்கள் அதை உணரும் வழியைக் கண்டறிந்ததற்காகவே கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எனவே ‘ஆக்கி’யை விட்டுவிட்டுச் ‘சிவப்பணுத் தூண்டி’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. தூண்டி என்றதும் இன்னும் கொஞ்சம் தூண்டினால் என்ன என்று தோன்றும். ஹீமோகுளோபினை 13-க்கு மேல் ஏற்ற முயன்றால் பக்கவாதமும் இரத்தக் கட்டும் வரும் வாய்ப்பு கூடும், இரத்த அழுத்தமும் ஏறும் என்பதைச் சேர்த்துவிடுங்கள்.

கூடல்வாசி:
அனைவருக்கும் நன்றி. சீட்டில் உள்ள பெயர் நோயாளியின் கண்ணுக்குப் பழக வேண்டும் என்பதால், அதை முதலில் வைத்து இப்படி எழுதியிருக்கிறேன்: “எரித்ரோபொயட்டின் என்பது சிவப்பணுத் தூண்டி. இது இரத்தம் அன்று. இரும்புச் சத்து மருந்தும் அன்று. பழுதுபட்ட சிறுநீரகம் போதிய அளவு சுரக்க இயலாத ஹார்மோனை ஊசியாகத் தருகிறோம். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம்.” குளிர்ப்பெட்டிக் குறிப்பு முதல் பக்கத்திலேயே, கட்டம் கட்டி வருகிறது.