மூன்று மொழி தெரிந்தவருக்கு டிமென்ஷியா வராதா? தம்பியோடு தினம் சண்டை

மாரேட்பள்ளி மகள்:
அம்மாவுக்கு 74 வயது. கல்யாணமாகி செகந்திராபாத் வந்து ஐம்பது வருஷம் ஆகிறது. வீட்டில் தமிழ், காய்கறி வண்டிக்காரரிடம் தெலுங்கு, பால்காரரிடம் தக்கனி உருது. மூன்றும் சரளம். எட்டு மாதமாகச் சொன்னதையே சொல்கிறார். மூக்குக் கண்ணாடியை அரிசி டப்பாவில் இருந்து எடுத்தேன். போன வாரம் வண்டிக்காரரிடம் முழுக்கத் தமிழிலேயே பேரம் பேசினார். அவர் என் முகத்தைப் பார்க்கிறார். அம்மாவோ, இவருக்கு இன்றைக்குக் காது அடைத்துவிட்டதா என்கிறார்.

டாக்டரிடம் போகலாம் என்றால் தம்பி விடுவதில்லை. இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் வராது, நம்ம ஹைதராபாத்திலேயே நிரூபித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப் செய்தியைக் காட்டுகிறான். 2013இல் சுவர்ணா அல்லாடி என்ற நரம்பியல் மருத்துவர் எழுதியதாம். அதில் உண்மையில் என்னதான் இருக்கிறது? படித்தவர்கள் சொல்லுங்கள்.

பேச்சுப்பயிற்சி:
ஆய்வு நிஜம்தான் அக்கா, ‘நியூராலஜி’ இதழில் வந்தது. செய்திதான் கோளாறு. நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் மறதி கிளினிக்குக்கு வந்த 648 பேரைப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் டிமென்ஷியா. அவர்களில் 391 பேர் இரண்டோ அதற்கு மேலோ மொழி பேசுகிறவர்கள். உங்கள் தம்பியிடம் இந்த 391ஐ மட்டும் சொல்லுங்கள், போதும். வராது என்றால் இவர்கள் எப்படி அந்த கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார்கள்?

அவர்கள் கண்டது, ஒரே மொழி பேசுகிறவர்களைவிட இவர்களுக்கு அறிகுறி சராசரியாக நாலரை வருஷம் தள்ளித் தொடங்கியது என்பது. டொரண்டோவில் 2007இலேயே இதுபோல ஒன்று வந்திருந்தது. ஆனால் அங்கே இருமொழிக்காரர்களில் நிறையப் பேர் குடியேறி வந்தவர்கள். மொழியால் வந்த வித்தியாசமா, வாழ்க்கையால் வந்ததா என்று பிரிக்க முடியவில்லை. ஹைதராபாத்தில் அந்தச் சிக்கல் குறைவு. தெருவில் இறங்கினாலே இரண்டு மொழி வேண்டும். பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. எனக்கு அந்த ஆய்வில் பிடித்த இடமே அதுதான், படிப்பால் வந்தது என்று ஒதுக்கிவிட முடியாது. மூன்றாவது மொழியால் கூடுதல் லாபம் ஏதும் தெரியவில்லை, அதையும் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

ஈரோட்டுக்காரன்:
ஒரு சந்தேகம். அந்த நாலரை வருஷத்தை எதை வைத்துக் கணக்குப் போட்டார்கள்? எப்போது ஆரம்பித்தது என்று வீட்டு ஆட்கள் சொல்வதை வைத்துத்தானே? எங்கள் அப்பா விஷயத்தில் அம்மா ஒரு தேதி சொன்னார், பெரியப்பா வேறு தேதி சொன்னார். அதோடு இது கிளினிக்குக்கு வந்தவர்களின் கணக்கு. வராமல் வீட்டிலேயே இருந்தவர்கள் எத்தனையோ. கெட்ட ஆய்வு என்று சொல்லவில்லை, கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

பேச்சுப்பயிற்சி:
நியாயமான கேள்வி சார். இப்படிப்பட்ட ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் உள்ள குறைதான் அது. அக்கா, எதற்கும் சீக்கிரம் போய்க் காட்டிவிடுங்கள். தைராய்டு, பி12 குறைவாலும் மறதி வரும், அதை ரத்தப் பரிசோதனையிலேயே பார்த்துவிடலாம். ஒரு விஷயம், கேள்வி கேட்டு ஞாபகத்தைப் பார்க்கும் சோதனையை அம்மாவுக்கு நன்றாக வரும் மொழியில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாரேட்பள்ளி மகள்:
அதை ஏன் கேட்கிறீர்கள்! இரண்டு மாதம் முன்னால் தம்பிக்குத் தெரியாமல் ஒரு இடத்துக்குக் கூட்டிப் போனேன். என்ன மாதம் என்று இந்தியில் கேட்டார்கள். அம்மா கொஞ்சம் யோசித்து, ‘ஆடி’ என்றார். ஆடிதான் நடந்துகொண்டிருந்தது! அந்தப் பெண் தப்பு என்று குறித்துக்கொண்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது அம்மா 93, 86 வரை தமிழில் சரியாக வந்தார், அப்புறம் எதைக் கழிக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. அந்த மார்க்கை எப்படி எடுத்துக்கொள்வது என்றே எனக்குப் புரியவில்லை.

391 கதையை நேற்று ராத்திரி தம்பியிடம் சொன்னேன். பதிலே இல்லை. ஈரோட்டுக்காரர் எழுதியதையும் படித்துக் காட்டிவிட்டு, நீ எப்போது முதலில் கவனித்தாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, “போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. முறுக்கு மாவில் இரண்டு தடவை உப்பு போட்டாங்களே” என்றான். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

எட்டு மாதம் என்று மேலே எழுதியிருக்கிறேன், அது தப்பு. வியாழக்கிழமை தம்பியும் கூட வருகிறான்.