புதுப்பிப்பு: மாவிலை டிஎன்ஏவில் பிசிஆர் பட்டை வந்துவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முதுநிலை ப்ராஜெக்ட்டுக்காக மாவிலையிலிருந்து சிடேப் (CTAB என்ற வேதிப்பொருளை வைத்து டிஎன்ஏவைப் பிரிக்கும்) முறையில் எடுத்த டிஎன்ஏ, பிசிஆரில் (டிஎன்ஏவின் ஒரு பகுதியை நகலெடுத்துப் பெருக்கும் முறை) பட்டையே தரவில்லை, அதாவது ஜெல்லில் நகல் எதுவும் தெரியவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். வேறு செடியின் டிஎன்ஏ வைத்த பாசிட்டிவ் கன்ட்ரோல் (பிசிஆர் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் ஒப்பீடு) மட்டும் சரியாக வந்துகொண்டிருந்தது.

முதலில் அனீலிங் வெப்பநிலையை (ப்ரைமர் என்ற சிறு துண்டுகள் டிஎன்ஏவில் ஒட்டும் வெப்பநிலை) மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. அப்புறம், டிஎன்ஏவைப் பத்து மடங்கு டைல்யூட் செய்யச் சொன்னாரே ஒருவர், அதுதான் வேலை செய்தது. டைல்யூட் செய்யாததில் ஒன்றுமே இல்லை. 1:10-இல் தெளிவான பட்டை. ஜெல்லில் அதைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்! மாவிலையின் பாலிஃபீனால்களும் பாலிசாக்கரைடுகளும் டிஎன்ஏவோடு ஒட்டி வந்து பிசிஆரில் நகலெடுக்கும் நொதியான டாக் பாலிமரேஸைத் தடுக்கின்றன. டைல்யூட் செய்யும்போது அவற்றின் செறிவும் குறைந்துவிடுகிறது.

எதிர்பாராத விஷயம், 260/280 விகிதம் (260, 280 நானோமீட்டர் ஒளியைக் கரைசல் உறிஞ்சும் அளவுகளின் விகிதம், புரதக் கலப்பைக் காட்டும்) 1.8 இருந்தது. அதை மட்டும் பார்த்தால் டிஎன்ஏ சுத்தம் என்றே தோன்றும். பாலிஃபீனால், பாலிசாக்கரைடு போன்ற கலப்பைக் காட்டும் 260/230 தான் 1-க்கும் கீழே. இரண்டையும் கட்டாயம் பாருங்கள்.

அடுத்த முறை இளந்தளிர் எடுத்து, சிடேப் பஃபரில் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும் பிவிபியும் (PVP) 2% சேர்த்தேன். பழுப்பு நிறமே இல்லாத டிஎன்ஏ கிடைத்தது. டைல்யூட் செய்யாமலே பட்டை வந்தது.