திருச்சபைக்கு வந்த அகதிகள், குடியேறியவர்களோடு நடந்த சந்திப்புகளில் உங்களை இன்னும் உறுத்துவது எது?

பதிவு 1
துணி கொடுக்கும் நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். ஓர் அம்மா ஒரு கோட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று பொத்தான் இல்லை. எனக்குச் சுருக்கென்றது, சும்மா கொடுப்பதிலுமா குறை பார்ப்பது என்று. அவர் பையிலிருந்து ஊசி நூலை எடுத்தார். கந்தலாகிப்போன சட்டை ஒன்றிலிருந்து பொத்தான்களை வெட்டி, அந்தக் கோட்டுக்கு மட்டுமல்ல, குவியலில் அறுந்து கிடந்த எல்லாவற்றுக்கும் தைத்துவிட்டுத்தான் எழுந்தார். 'அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்' என்ற வசனத்தைப் போன ஞாயிறு சபையில் வாசித்ததே நான்தான். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

பதிவு 2
முதல் பதிவுக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம். பொத்தான் இல்லாத கோட்டை மேசையில் வைத்ததே தப்பு. வேதாகமத்தில் லேவியராகமம் 19:9, 10 எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது அந்நியனுக்கும், விடச் சொன்னது வயல் ஓரத்து நல்ல கதிரை, பதரை அல்ல. வேதாகமத்தில் அப்படிக் கதிர் பொறுக்க வந்த ரூத்தும் அந்நிய தேசத்தவள், மோவாபியப் பெண். அவளேதான் பொறுக்கினாள், அவளேதான் தட்டி எடுத்தாள். வயலின் சொந்தக்காரர் போவாஸ் தன் ஆட்களிடம் சொன்னது, அவளுக்கென்று வேண்டுமென்றே கதிர் சிந்துங்கள், அதட்டாதீர்கள் என்பதுதான். கொடுத்ததே தெரியக்கூடாது, ஐயா.
என் கதை சின்னது. படகில் வந்த ஒருவரை, தன் அனுபவத்தைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்ல வாராவாரம் கூப்பிட்டோம். ஒருநாள் கேட்டார்: "நான் கணக்கு வாத்தியார். பிள்ளைகளுக்குச் சொல்லித்தரட்டுமா?"

பதிவு 3
பையனுக்கு எட்டு வயசு இருக்கும். அவன் அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போனேன், அவன்தான் மொழிபெயர்த்தான். 'கட்டி' என்று மருத்துவர் சொன்னதும் நிறுத்திவிட்டான். என்னைப் பார்த்தான். அப்புறம் அம்மாவிடம் ஏதோ சொன்னான், அவர் சிரித்தார். என்ன சொன்னான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதிவு 4
மூன்றாவது பதிவுக்கு: பிள்ளையை ஒருபோதும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். நேரம் வாங்கும்போதே மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். குடியேற்ற அலுவலகக் கடிதம் வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள், மேல்முறையீட்டுக்கு நாள் கணக்கு உண்டு. வழக்கில் நீங்களாக யோசனை சொல்லாதீர்கள், அதற்கென்று இருக்கிற வழக்கறிஞரிடம் விடுங்கள். "ஜெபம் பண்ணுகிறோம், கண்டிப்பாக விசா வரும்" என்று வாக்குக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ஆராதனைக்கு வந்தால்தான் அரிசி என்று முடிச்சும் போடாதீர்கள்.
என் அனுபவமா? வாசித்துச் சொல்லுங்கள் என்று ஒருவர் கொடுத்த கடிதத்தை, நிதானமாகப் பார்க்கலாம் என்று ஒரு வாரம் என் வேதாகமத்துக்குள் வைத்திருந்தேன்.

பதிவு 3
யோசனைக்கு நன்றி. அன்றைக்கு அங்கே வேறு ஆள் இல்லை. அந்தக் கடிதத்தில் என்ன தேதி போட்டிருந்தது?