மறுமொழி: சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் – நீக்கியா, பறியா?

அன்பு நண்பர்களே,

சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியின் ஒரு பகுதியைத் தருவது எஸ்டிஎச்ஏ (SDHA) மரபணு. அதைப் பற்றிய பதிவில் அந்நொதியின் பெயரைத் தமிழில் 'சக்சினேட் நீரகநீக்கி' என்றே போட்டுவிடலாம் என்று மூன்று பேர் ஒப்புதல் தந்தாயிற்று. நான் மட்டும் முரண்டு பிடிக்கிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஹைட்ரஜனுக்கு நீரகம் நல்ல சொல். நீரைப் பிறப்பிப்பது என்ற மூலப்பொருளுக்கும் நெருக்கமானது. ஆனால் இந்த நொதிக்கு அது ஆகாது. உயிரணு உணவிலிருந்து ஆற்றல் பெறும் வினைத்தொடரான கிரெப்ஸ் சுழற்சியில் இது சக்சினேட்டிலிருந்து இரண்டு ஹைட்ரஜனைக் கழற்றி ஃபூமரேட் ஆக்குகிறது. அடுத்த படியில் ஃபூமரேஸ் என்ற நொதி வந்து ஒரு நீர் மூலக்கூற்றைச் சேர்த்து மாலேட் ஆக்குகிறது. அதற்கடுத்த படியில் மாலேட்டிலிருந்து மறுபடி ஹைட்ரஜன் போகிறது. 'நீரகம் நீக்கல், நீர் சேர்த்தல், நீரகம் நீக்கல்' என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். முதலில் போன நீர்தான் அடுத்த படியில் திரும்பி வந்தது என்று ஒரு மாணவர் புரிந்துகொண்டால் அவரைக் குறை சொல்ல முடியுமா? நீரை அகற்றும் டிஹைட்ரேஷனுக்கு 'நீர்நீக்கம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 'அகம்' என்ற ஒற்றை வேலிதான். ஆகவே ஹைட்ரஜன் என்றே இருக்கட்டும். ஐதரசன் என்று எழுதுவோர் அப்படியே எழுதட்டும், அந்தப் பெயரில் தேடுவோரை இந்தப் பதிவுக்கே அனுப்பும் வழிமாற்று போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து 'நீக்கி'. கறைநீக்கி, களைநீக்கி என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது புட்டியில் அடைத்த ஒரு பொருள். அதைவிடப் பெரிய தொல்லை மரபணுப் பேச்சில் வருகிறது. 'மரபணு நீக்கம்' என்றால் மரபணுவையே எடுத்துவிடுவது. 'ஹைட்ரஜன்நீக்கி மரபணு நீக்கம்' என்று ஒரு வரி வந்தால் எதை எது நீக்கியது என்று வாசகர் திணறுவார்.

'ஹைட்ரஜன்கவர் நொதி' என்று நானே முன்பு எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். உறை போட்ட ஹைட்ரஜனா என்று வீட்டில் கேட்டுவிட்டார்கள்.

இப்போது நான் முன்வைப்பது 'ஹைட்ரஜன்பறி நொதி'. வழிப்பறி நினைவுக்கு வருகிறதே என்பீர்கள். வரட்டும், நடப்பதும் ஏறக்குறைய அதுதான். பறித்ததை இந்நொதி தானே வைத்துக்கொள்வதில்லை என்பது ஒன்றுதான் வேறுபாடு. எஸ்டிஎச்ஏ தரும் துணையலகில் (நொதியின் ஒரு புரதப் பகுதி) பிணைந்திருக்கும் எஃப்ஏடி (FAD) என்ற துணைக்கூறு அந்த ஹைட்ரஜன்களை வாங்கிக்கொள்ள, எலக்ட்ரான்கள் பக்கத்துத் துணையலகின் இரும்பு-கந்தகத் தொகுதிகள் வழியே யூபிகுவினோன் என்ற கடத்தி மூலக்கூறுக்குப் போய்ச் சேர்கின்றன. கிரெப்ஸ் சுழற்சியிலும் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியிலும் ஒருசேர உறுப்பாக இருக்கும் நொதி இது ஒன்றுதான். சங்கிலியில் அதன் பெயர் இரண்டாம் கூட்டமைவு. மற்ற மூன்று கூட்டமைவுகளைப் போல இது புரோட்டான்களை இறைப்பதில்லை.

லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் தசையில் பெரும்பாலும் பைருவேட்டுக்கு ஹைட்ரஜனைக் கொடுக்கத்தானே செய்கிறது, அதைப் பறி என்பதா என்று ஒருவர் மடக்கினார். சரியான கேள்வி. ஆனால் அந்தக் கோணல் மூலப்பெயரிலேயே இருக்கிறது. அதை நிமிர்த்துவது நம் வேலையில்லை.

பதிவின் வரைவில் என்னை உறுத்தியது உண்மையில் வேறொன்று: 'மனித இழைமணி மரபணு' என்ற தொடர். மைட்டோகாண்ட்ரியாவுக்கு இழைமணி அருமையான சொல், கிரேக்க மூலத்தில் உள்ள இழையும் மணியும் அப்படியே வந்திருக்கின்றன. ஆனால் இழைமணிக்கெனத் தனி டிஎன்ஏ உண்டு, அதில் 37 மரபணுக்கள், அவற்றில் புரதம் தருபவை 13. எஸ்டிஎச்ஏ அந்தக் கூட்டத்தில் இல்லை. அது உட்கருவில், 5ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது. இந்நொதியின் நான்கு துணையலகுகளுமே உட்கரு மரபணுக்களின் விளைவுதான். புரதம் செல்சாறில் தயாராகி இழைமணிக்குள் நுழைகிறது. இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. 1995இல் லீ நோயில் (குழந்தைகளின் மூளையைத் தாக்கும் ஒரு மரபுநோய்) எஸ்டிஎச்ஏ பிறழ்வு கண்டறியப்பட்டபோது, எலக்ட்ரான் கடத்துச் சங்கிலிக் குறைபாட்டுக்கு உட்கரு மரபணுவும் காரணமாகலாம் என்பதற்கு அது முதல் சான்றாயிற்று. இழைமணி டிஎன்ஏ தாய்வழி மட்டும் வரும். எஸ்டிஎச்ஏ பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும். குடும்பத்துக்கு மரபியல் ஆலோசனை சொல்பவருக்கு இந்த ஒரு சொல் பிசகினால் எல்லாம் பிசகும்.

ஆகவே முதல் வரியை இப்படி மாற்றக் கோருகிறேன்: 'எஸ்டிஎச்ஏ என்பது, இழைமணியில் இயங்கும் சக்சினேட் ஹைட்ரஜன்பறி நொதியின் ஏ துணையலகுக்குக் குறிமுறை தரும் உட்கரு மரபணு.'

ஆங்கிலத்து 'encode' என்பதற்கு 'குறியாக்கம் செய்யும்' என்பதை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். கணினிக்காரர்கள் அதை மறைகுறியாக்கத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். 'குறிமுறை தரும்' கொஞ்சம் நொண்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். இதைவிடச் சரளமான வினை யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். ஃபூமரேஸை அடுத்த விவாத இழையில் எடுத்துக்கொள்வோம்.