எக்ஸ் சர்வீஸ்மென் குடும்பங்கள் யாராச்சும் வழி சொல்லுங்க

வணக்கம் உறவுகளே. அப்பா ஆர்மில 24 வருஷம் இருந்துட்டு ஹவில்தாரா ரிட்டயர் ஆனவரு. இதய வால்வு ஆபரேஷன் ஆகி வார்ஃபரின் (ரத்தம் உறையாம இருக்க குடுக்குற மாத்திரை) சாப்பிடுறாரு, மாத்திரை எல்லாம் இசிஹெச்எஸ் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்ல வாங்குறோம். முட்டி வலி தாங்கல, டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை வார்ஃபரினோட சேர்ந்தா ரத்தக்கசிவு வரும்னு டாக்டர் குடுக்கல. அதனால மாமா ஊர்ல இருந்து மஞ்சள், பூண்டு, சுக்கு எல்லாம் போட்ட ஒரு சூரணம் வாங்கிட்டு வந்தாரு, இயற்கைதானேன்னு அப்பா அதை எங்க யாருகிட்டயும் சொல்லாம ஒரு மாசம் சாப்பிட்டிருக்காரு, போன வாரம் பல் தேய்க்கும்போது ரத்தம் நிக்கல, டெஸ்ட் எடுத்தா ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற அளவு, கூடினா ரத்தக்கசிவு ஆபத்து) 5 தாண்டிருச்சு. பயந்தே போயிட்டோம்.

சித்த மருந்து மேல எனக்கு கோவம் இல்லைங்க, வலிக்கு அதுல தைலம் எல்லாம் நல்லா கேக்குது. ஆனா ரெண்டு பக்க டாக்டருக்கும் தெரிஞ்சு குடுக்கணும்.

தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவமனைல வார்ஃபரின் சாப்பிடுறவங்களுக்கு பாத்த அனுபவம் யாருக்காவது இருக்கா? அதுக்கு பாலிகிளினிக்ல ரெஃபரல் தருவாங்களா, பில் திரும்ப கிடைக்குமா? வெளிப்பூச்சு, ஒத்தடம் மட்டும் வச்சு சமாளிச்சவங்க இருந்தாலும் சொல்லுங்க. அப்பா ராத்திரி தூங்கியே பத்து நாள் ஆச்சு.